சின்டருக்கு வலிமை எதிலிருந்து வருகிறது



முன்வரிசையில் இரண்டு கட்டிகளைக் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். கறுப்பும் பழுப்பும் கலந்து பொத்தல் பொத்தலாக இருக்கும். இரண்டுமே சின்டர். இரும்புத்தாதுத் தூள், சுண்ணாம்புக்கல் தூள், கோக் தூள் மூன்றையும் கலந்து, பாதி உருகும்வரை சுட்டு ஒட்டவைத்த கட்டிகள். இரண்டிலும் இரும்பு, சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆய்வுக்கூட அறிக்கைகளை அருகருகே வைத்தால் எது எந்தக் கட்டிக்கு உரியது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை விரலால் அழுத்தினாலே ஓரம் உதிர்கிறது. மற்றதை உடைக்கச் சுத்தியல் வேண்டும். (சுத்தியல் கொண்டுவரவில்லை. அரங்கத்தின் தரை புதிது என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள்.)

சேர்மானம் ஒன்று, வலிமை இரண்டு. இது எப்படி நேர்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

சின்டர் ஆலையில் வலிமை எண் இறங்கினால், ஷிஃப்ட் பொறியாளரின் கை முதலில் போவது கோக் தூளின் அளவை நோக்கித்தான். கொஞ்சம் கூட்டுவோம், சூடு ஏறட்டும், நன்றாக உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. எண்ணும் பெரும்பாலும் ஏறிவிடும். அந்த ஏற்றத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம், அந்த விலையைக் கொடுப்பது யார் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், தூளை எதற்காகக் கட்டியாக்க வேண்டும்? ஊதுலையில் தாதும் கோக்கும் மேலிருந்து இறங்குகின்றன. சூடான வாயு கீழிருந்து ஏறுகிறது. கட்டிகளுக்கு நடுவே சந்து இருந்தால்தான் வாயு ஏறும். தூளைக் கொட்டினால் சந்து அடைபடும். வாயு எளிதான பக்கம் பார்த்துப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மற்றப் பக்கத்தில் தாது வேகாமலே இறங்கும். சில நேரம் உள்ளிருக்கும் சுமை முழுவதும் இறங்காமல் அந்தரத்தில் நின்றுவிட்டுப் பிறகு தடாலென்று சரியும். ஊதுலைக்காரர்கள் பயப்படும் காரியங்களில் அது முக்கியமானது.

நம் நாட்டுத் தாதுவுக்கு இரும்புச் சத்தில் குறைவில்லை. சத்தீஸ்கரின் பைலாடிலா மலைகளில் 65 சதவீதத்துக்கு மேல் இரும்புள்ள தாது கிடைக்கிறது. ஆனால் வெட்டி, உடைத்து, சலிக்கும்போது பெரும்பங்கு தூளாகிவிடுகிறது. 1960-களில், ஜப்பானுக்குத் தாது ஏற்றுமதி செய்வதற்காகக் கிரந்துலிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து விசாகப்பட்டினம் பக்கம் ரயில் பாதை போட்டார்கள். அரக்குப் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போகிறவர்கள் சுரங்கப்பாதைகளை எண்ணிக்கொண்டு போவது அந்தப் பாதையில்தான். பிற்பாடு அதே பாதையில் வரும் தாதுவை நம்பி விசாகப்பட்டினம் உருக்காலை எழுந்தது. அங்கே தலா 312 சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு சின்டர் இயந்திரங்களை நிறுவினார்கள். கோதாவரி, கிருஷ்ணா என்று நதிப்பெயர் சூட்டிய ஊதுலைகளுக்குள் போகும் இரும்பில் பெரும்பகுதி அந்த இயந்திரங்களில் சுட்டெடுத்ததுதான்.

இந்தத் தொழில்நுட்பம் இரும்புக்காகப் பிறந்ததல்ல. 1906-இல் மெக்சிகோவின் கனனியா செம்புச் சுரங்கத்தில் ஆர்தர் டுவைட், ரிச்சர்டு லாயிட் என்ற இரண்டு பொறியாளர்கள் நுண்தூளான செம்புத் தாதுவை என்ன செய்வது என்று திணறி இதைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு ஆலைகளுக்கு இது வந்ததும் நல்ல தாதுவைச் சுடுவதற்காக அல்ல. ஊதுலைப் புகையோடு பறந்து வெளியேறிய தூசியை வீணாக்காமல் திரும்பப் போடத்தான். இன்றும் சின்டர் ஆலைக்கு அந்தக் குணம் போகவில்லை. உருட்டாலையில் உதிரும் செதில், தூசி, சேறு என்று ஆலை முழுவதன் மிச்சமும் அங்கேதான் வந்து சேரும். வேறு துறையினர் அதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இயந்திரம் எளிமையானது. அடியில் கம்பித்தட்டி பொருத்திய பெட்டிகள் வரிசையாக நகரும். ஈரம் சேர்த்து டிரம்மில் உருட்டிய கலவையை அதில் 600, 700 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பரப்புவார்கள். மேற்பரப்பை ஓர் அடுப்புக் கூண்டு கொளுத்தும். வெளியிலிருந்து கொடுக்கும் நெருப்பு அவ்வளவுதான். அடியில் ராட்சத விசிறி காற்றை உறிஞ்ச, கோக் தூள் எரியும் மெல்லிய பட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 20, 25 மில்லிமீட்டராகக் கீழே இறங்கும். அது அடியைத் தொடும் நேரமும் பெட்டி மறுமுனையை எட்டும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டன் சின்டருக்குக் கோக் தூள் சுமார் 50 முதல் 70 கிலோ.

படுக்கையின் நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். நெடுநேரம் முள் அசையாது, ஈரம் உலர்ந்துகொண்டிருக்கும். பிறகு எரியும் பட்டை வந்ததும் ஓரிரு நிமிடத்தில் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். உச்சம் 1250-இலிருந்து 1350 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பட்டை தாண்டியதும் மேலிருந்து காற்று வந்து ஆறவைக்கும். 1100-க்கு மேல் இருக்கும் காலம் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் என்ன கனிமம் பிறந்தது என்பதுதான் நீங்கள் கையில் வைத்திருக்கும் இரண்டு கட்டிகளுக்கும் உள்ள வேறுபாடு.

படிப்படியாகப் பார்ப்போம். 800, 900 டிகிரி வாக்கில் சுண்ணாம்புக்கல் கார்பன் டை ஆக்சைடை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அது தாதுவிலுள்ள ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் தூளைத் தொடும் இடங்களில், இரண்டும் திடமாக இருக்கும்போதே, கால்சியம் ஃபெரைட் தோன்றுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹேமடைட்டையோ சுண்ணாம்பையோ தனியே வைத்து இந்தச் சூட்டில் உருக்க முடியாது. இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய ஃபெரைட்டுகளின் கலவை 1205 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். அந்த உருகலில் பக்கத்திலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைகின்றன. அப்படி நான்கும் கூடி உண்டாகும் கனிமத்துக்கு எஸ்.எஃப்.சி.ஏ. என்று பெயர். சிலிக்கா, ஃபெரைட், கால்சியம், அலுமினியம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்.

பெயர் வறட்சியானது. பொருள் அப்படியல்ல. இதன் படிக அமைப்பு 1989-இல் தெளிவானது. சிலிக்கா குறைந்து இரும்பு மிகுந்த இன்னொரு வகையை எஸ்.எஃப்.சி.ஏ.-1 என்கிறோம், அதன் அமைப்பு 1998-இல் வெளிவந்தது. இந்த வேலையில் ஆஸ்திரேலியர்களின் பங்கு பெரிது. உலகத்துக்கெல்லாம் தாது விற்கிறவர்களுக்குத் தங்கள் தாது அடுத்தவன் ஆலையில் எப்படி வேகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் கலவையைச் சுடும்போதே எக்ஸ் கதிரால் படம் பிடித்து, எந்த டிகிரியில் எது தோன்றி எது மறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இது ஆலையில் மட்டுமே பிறக்கும் பொருள் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். ஆனால் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், பூமிக்கடியில் இயற்கையாகவே எரிந்து வெந்த பாறைகளுக்குள் இதே அமைப்புள்ள கனிமம் கிடைத்தது. கெசினைட் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இயற்கையும் எப்போதோ தற்செயலாகச் சின்டர் சுட்டிருக்கிறது.

இந்தக் கனிமத்துக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. ஏறத்தாழ 1200-க்கும் 1300-க்கும் இடையில் அது செழிக்கிறது. குறைந்த சூட்டில் ஊசியாகவும் மெல்லிய தகடாகவும் வளர்கிறது. சூடு ஏற ஏறத் தடித்த தூண்களாகிறது. 1300-ஐத் தாண்டினால் சிதைந்து ஹேமடைட்டாகவும் உருகலாகவும் பிரிகிறது. இன்னும் ஏறினால், கோக் எரியும் இடத்தில் ஆக்சிஜனும் குறைவு என்பதால், ஹேமடைட் ஆக்சிஜனை இழந்து மேக்னடைட் ஆகிறது. ஆறும்போது எஸ்.எஃப்.சி.ஏ. ஓரளவு திரும்பப் படியும். ஆனால் காற்று சரசரவென்று ஆறவைத்தால் அதற்கு அவகாசம் இருக்காது. மிச்ச உருகல் கண்ணாடியாக உறைந்துவிடும்.

உருட்டிய கலவையின் ஒவ்வொரு குருணையிலும் நடுவே ஒரு தாதுத்துண்டு இருக்கும்; அதைச் சுற்றி நுண்தூள் ஒட்டியிருக்கும். உருகுவது பெரும்பாலும் சுற்றியுள்ள நுண்தூள்தான். கடலை மிட்டாய் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எடையில் பெரும்பங்கு கடலை, பிடிமானம் பாகில். பதம் வருமுன் இறக்கினால் பிசுபிசுத்து உதிரும். பதம் தாண்டினால் கருகும். கடலையையும் பாகோடு சேர்த்துக் கரைத்துவிட்டால் அது கடலை மிட்டாயே அல்ல. சின்டரிலும் நடுத்துண்டு உருகாமல் நிற்பதே நல்லது. நுண்துளைகளோடு பழைய தாதுவாகவே நிற்கும் அந்தத் துண்டுக்குள் ஊதுலை வாயு சுலபமாகப் புகும்.

வேதியியல் அறிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். அறிக்கை சொல்வது மொத்தக் கட்டியின் சராசரி. வினை நடந்ததோ சுற்றியுள்ள நுண்தூளில். அங்கே சுண்ணாம்பு எவ்வளவு நுண்மையாக இருந்தது, அலுமினா எந்தத் துகளில் இருந்தது, கோக் எங்கே எரிந்தது என்பதெல்லாம் சராசரியில் கரைந்துபோகின்றன.

இனி வலிமைக்கு வருவோம். 1920-இல் ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடி ஏன் கணக்குக்கு முன்பே உடைகிறது என்று ஆராய்ந்தார். பொருளின் உள்ளே ஏற்கெனவே இருக்கும் கீறல்தான் காரணம், உடைப்பது என்பது அந்தக் கீறலை ஓடவைப்பது என்று காட்டினார். சின்டரில் கீறலுக்குப் பஞ்சமே இல்லை. பெரிய துளை, சிறிய துளை, ஆறும்போது விழுந்த வெடிப்பு என்று நிறைந்திருக்கும். ஆகவே சின்டருக்குள் கீறல் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. ஓடத் தொடங்கிய கீறலை எது நிறுத்தும்?

கண்ணாடி நிறுத்தாது. அதற்குள் கீறல் தடையின்றி ஓடும். ஒன்றோடொன்று பின்னிய எஸ்.எஃப்.சி.ஏ. ஊசிகளுக்கு நடுவே கீறல் ஒவ்வோர் ஊசியிலும் முட்டித் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது ஆற்றலை இழக்கிறது. மேக்னடைட் மணிகளைச் சுற்றி ஃபெரைட் நெருக்கமாகப் பின்னியிருந்தால் அதுவும் நல்ல பிடிமானம்தான். மேக்னடைட்டுக்கு நடுவே கண்ணாடி நிரம்பியிருந்தால் நிலைமை வேறு. இரண்டையும் மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் பதினைந்து நிமிடத்தில் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஆலையில் வலிமையை அளப்பது டிரம் சோதனையால். ஐ.எஸ்.ஓ. 3271 என்ற தரமுறைப்படி, 15 கிலோ சின்டரை ஒரு மீட்டர் விட்டமும் அரை மீட்டர் அகலமும் உள்ள டிரம்மில் போட்டு, நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 200 சுற்று சுற்றுவார்கள். பிறகு 6.3 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது எத்தனை சதவீதமோ அதுதான் டம்ளர் எண். அரை மில்லிமீட்டருக்குக் கீழே மாவானது தேய்மான எண். எளிய, நேர்மையான சோதனை. அதை நான் குறை சொல்லவில்லை. அது சொல்லாததையும் அது சொன்னதாக எடுத்துக்கொள்வதுதான் தொல்லை.

சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்பதில் ஒரு வரலாறே இருக்கிறது. தொடக்கத்தில் சுண்ணாம்பு இல்லாமலே சுட்டார்கள். இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த ஃபேயலைட்டும் கண்ணாடியும் பிடித்துவைத்தன. கட்டி உறுதியாகவே இருந்தது. ஆனால் ஃபேயலைட்டிலிருந்து ஊதுலை வாயு ஆக்சிஜனைப் பிரிப்பது மிகக் கடினம். அடுத்து, ஊதுலைக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சின்டரிலேயே சேர்த்துவிடலாம் என்றார்கள். சிலிக்காவைப் போல ஒன்றேகால், ஒன்றரை மடங்கு சுண்ணாம்பு போட்டபோது வலிமை சரிந்தது. பழைய ஃபேயலைட்டும் இல்லை, புதிய ஃபெரைட்டும் போதவில்லை. நடுவில் கால்சியம் சிலிக்கேட்டும் கண்ணாடியும்தான் மிஞ்சின.

அந்தக் கால்சியம் சிலிக்கேட்டில் டை கால்சியம் சிலிக்கேட் என்று ஒன்று உண்டு. சிமென்ட்டில் அது நண்பன். சின்டரில் அப்படிச் சொல்ல முடியாது. ஆறிக்கொண்டு வரும்போது 500 டிகிரி வாக்கில் அது படிக வடிவம் மாறி 10 முதல் 12 சதவீதம் உப்புகிறது. சுற்றியுள்ளதை வெடிக்கவைத்துத் தானும் மாவாகிறது. எஃகு ஆலையில் வேலை பார்த்தவர்கள் லேடில் கசடு கட்டியாக ஆறி, மறுநாள் காலையில் வெள்ளைப் பொடியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அதே கைவரிசைதான் இது. சிறிதளவு பாஸ்பரஸோ போரானோ அதற்குள் கரைந்திருந்தால் வடிவம் மாறாது. ஆனால் இரும்பில் பாஸ்பரஸை யாரும் விரும்பிச் சேர்க்கமாட்டார்கள்.

சுண்ணாம்பை இன்னும் கூட்டி, சிலிக்காவைப் போல 1.8, 2 மடங்குக்குக் கொண்டுபோனபோதுதான் பள்ளம் தாண்டியது. சுண்ணாம்பு மிஞ்சியிருப்பதால் ஹேமடைட்டோடு சேர்ந்து எஸ்.எஃப்.சி.ஏ. தாராளமாகப் பிறந்தது. உலகத்தின் பெரிய ஆலைகள் பெரும்பாலும் இன்று இந்தப் பக்கத்தில்தான் நிற்கின்றன. சின்டரில் மிகுந்த சுண்ணாம்பைச் சமன் செய்யக் கட்டித்தாதுவையோ, தாது மாவை உருண்டையாக உருட்டிச் சுட்ட, சுண்ணாம்பில்லாத பெல்லட்டையோ ஊதுலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருள் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிச் செலவழித்த ஜப்பானிய ஆலைகள் இதில் முன்னால் நடந்தன. குறைந்த சூடு, ஊசி வடிவ ஃபெரைட், குறைந்த கோக் என்பது அவர்கள் வகுத்த வழி. கோக்கைக் குறைத்தும் வலிமையைக் காப்பாற்றலாம் என்று அவர்கள் காட்டிய பிறகும் நாம் கோக்கைக் கூட்டுவதிலேயே நிற்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இதுவரை சொன்னது குளிர்ந்த சின்டரின் வலிமை. ஊதுலையின் மேற்பகுதியில் அதற்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. 450-இலிருந்து 600 டிகிரி இருக்கும் அந்த இடத்தில், கார்பன் மோனாக்சைடு ஹேமடைட்டிலிருந்து முதல் தவணை ஆக்சிஜனை எடுத்து அதை மேக்னடைட் ஆக்குகிறது. அப்போது கட்டி உதிர்கிறது. டிரம்மில் நன்றாக நின்ற சின்டர்கூட இங்கே உதிரலாம்.

பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரே வரியில் காரணம் சொல்லும்: ஹேமடைட் மேக்னடைட்டாகும்போது கனவளவு 25 சதவீதம் பெருகுகிறது என்று. மாணவர்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூன்று மூலக்கூறு ஹேமடைட்டிலிருந்து இரண்டு மூலக்கூறு மேக்னடைட் வருகிறது. இரண்டின் அடர்த்தியையும் வைத்து வகுத்துப் பாருங்கள். கனவளவு கூடாது, 2 சதவீதம் போலக் குறையத்தான் வேண்டும். பிறகு உப்பல் எங்கிருந்து வருகிறது? ஹேமடைட்டின் அணுக்கள் அறுகோண ஒழுங்கில் அடுக்கியவை. மேக்னடைட்டுடையது கனசதுர ஒழுங்கு. புதிய கனிமம் பழையதன் மேல் எல்லாத் திசையிலும் சமமாக வளராமல், உள்ளே துளைகளை விட்டுக்கொண்டு வளர்கிறது. அதனால் வெளிப்பருமன் கூடுகிறது, எல்லைக்கோட்டில் இழுவிசை ஏறுகிறது, அங்கே வெடிக்கிறது. ஆகவே எவ்வளவு ஹேமடைட் இருக்கிறது என்பதைவிட, எந்த உருவத்தில் எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

மிக மோசமானது எலும்புக்கூட்டு ஹேமடைட். சூடு எல்லை மீறிய இடத்தில் மேக்னடைட்டும் உருகலும் உண்டாகி, பிறகு காற்றில் ஆறும்போது மீண்டும் ஆக்சிஜன் ஏறி, நடுவே ஓட்டைகளோடும் சிக்கிய கண்ணாடியோடும் வளர்ந்த சாய்சதுர மணிகள் அவை. அலுமினாவும் டைட்டானியமும் அதற்குள் கரைந்திருக்கும். வெடிக்கத் தொடங்கினால் ஒரு மணியின் கீறல் சிக்கியிருக்கும் கண்ணாடி வழியாக அடுத்த மணிக்குத் தாவும். நடுத்துண்டாக நின்ற பழைய ஹேமடைட் இவ்வளவு தொல்லை தருவதில்லை.

இதை அளக்க ஆர்.டி.ஐ. என்ற சோதனை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 4696-இன் இரண்டாம் பகுதிப்படி, 500 கிராம் சின்டரை 550 டிகிரியில் கார்பன் மோனாக்சைடு 30 பங்கும் நைட்ரஜன் 70 பங்கும் உள்ள வாயுவில் அரை மணி நேரம் வைத்து, ஆறியபின் சிறு டிரம்மில் 900 சுற்று சுற்றி, 2.8 மில்லிமீட்டருக்குக் கீழே உதிர்ந்ததை நிறுப்பார்கள். டம்ளர் எண் கூடினால் நல்லது. இந்த எண் குறைந்தால் நல்லது. ஆக்சிஜனை எவ்வளவு எளிதாகக் கொடுக்கிறது என்பதை 900 டிகிரியில் அளக்கும் மூன்றாவது சோதனையும் உண்டு. ரிடியூசிபிலிட்டி என்பார்கள்.

இப்போது கோக்கைக் கூட்டும் நம் பொறியாளரிடம் திரும்புவோம். கோக் கூடினால் உருகல் கூடும், கட்டி இறுகும், டம்ளர் எண் ஏறும். ஆக்சிஜன் குறைவதால் மேக்னடைட் கூடி ஹேமடைட் குறையும். உப்புவதற்கு ஹேமடைட் குறைவு என்பதால் ஆர்.டி.ஐ. எண்கூடப் பல நேரம் அழகாகத் தெரியும். இரண்டு சோதனையிலும் தேறிவிட்டார். மூன்றாவதில்தான் விழுகிறார். நுண்துளைகள் உருகலால் அடைபட்டு, ஊசிகள் போய், மேக்னடைட்டும் கண்ணாடியும் நிறைந்த அந்தக் கட்டி ஆக்சிஜனை எளிதில் விடாது. ஊதுலையில் மேலே முடிய வேண்டிய வேலை கீழே, சூடு மிகுந்த இடத்தில், கோக்கைத் தின்றுகொண்டு நடக்கும். சின்டர் ஆலை கூடுதலாகப் போட்டது விலை மலிந்த கோக் தூள். அதற்காக ஊதுலை செலவழிப்பது நல்ல கட்டிக் கோக். அதைச் சுடுவதற்கான நிலக்கரியில் பெரும்பங்கை நாம் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். முதல் செலவு ஒரு துறையின் பேரேட்டில், இரண்டாவது வேறு துறையின் பேரேட்டில். நான் வேலை பார்த்த இடங்களில் இரண்டு பேரேடுகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்த கூட்டங்கள் அரிது.

நம் தாதுவில் இன்னொரு சிக்கல் அலுமினா. ஜார்க்கண்ட், ஒடிசா பகுதித் தாதுக்களில் கயோலினைட், கிப்சைட் என்ற கனிமங்களாக அது ஒட்டிக்கொண்டு வருகிறது. நுண்தூளில் அதிகமாகவே வரும். சிறிதளவு அலுமினா வேண்டும். அது இல்லாமல் எஸ்.எஃப்.சி.ஏ. நன்றாக வளராது. அளவு மீறினால் உருகல் பிசுபிசுவென்று கெட்டியாகி ஓடாமல் நிற்கும். அதை ஓடவைக்க இன்னும் சூடு வேண்டும். சூடு ஏறினால் நான் சொன்ன கதையெல்லாம் தொடங்கும். நம் பொறியாளர்களுக்குச் சூட்டின் மேல் இருக்கும் பற்றுக்கு இது ஒரு நியாயமான காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து தாதுவைக் கழுவி அலுமினாவை இறக்குவதில் இருக்கிறது.

வேறு என்ன செய்யலாம்? சுண்ணாம்புக்கல்லை நுண்மையாக அரைக்கலாம்; ஒரு பங்கைச் சுட்ட சுண்ணாம்பாகவே சேர்க்கலாம். சேர்த்தால் குருணை நன்றாகப் பிடிக்கும், காற்று ஓடும், ஃபெரைட் விரைவில் தோன்றும். படுக்கையின் உயரத்தைக் கூட்டலாம். மேலடுக்கு வழியாக வரும் காற்று சூடேறி வருவதால் அடியடுக்குக்குக் கோக் குறைவாகவே போதும். எல்லா அடுக்குக்கும் ஒரே அளவு கோக் என்றால் மேலடுக்கு வேகாது, அடியடுக்கு தீயும். ஆகவே பரப்பும்போதே கோக் மேலே மிகுதியாகவும் கீழே குறைவாகவும் விழும்படி செய்ய வேண்டும். டோலமைட் வழியாகச் சிறிது மெக்னீசியா சேர்த்தால் மேக்னடைட் நிலைத்து ஆர்.டி.ஐ. இறங்கும். ஆறிய சின்டர்மேல் கால்சியம் குளோரைடு கரைசலைத் தெளிப்பதும் ஒரு வழி. ஆர்.டி.ஐ. எண் சடாரென்று இறங்கும். அது 550 டிகிரியில் வினையைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. உள்ளே கனிமம் மாறவில்லை. குளோரின் வாயுக்குழாய்களை அரிக்கும். அவசரத்துக்குத் தெளிக்கலாம், அதையே வழக்கமாக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்பது ஒரு நுண்ணோக்கி. ஷிஃப்டுக்கு ஒரு வேதியியல் அறிக்கை வருகிறதல்லவா? நாளுக்கு ஒரு கனிம எண்ணிக்கை வரட்டும். ஊசி எத்தனை பங்கு, தூண் எத்தனை, எலும்புக்கூட்டு ஹேமடைட் எத்தனை, கண்ணாடி எத்தனை. இன்று படத்தைக் கணினியே எண்ணித் தருகிறது. இதற்குச் செலவு அதிகம் என்று யாராவது சொன்னால், ஊதுலையில் ஒரு நாளில் எவ்வளவு கோக் போகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சின்டரே இனி எத்தனை காலம் என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சின்டர் ஆலைப் புகையில் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் டையாக்சினும் இருக்கின்றன. ஸ்வீடனில் சின்டர் ஆலைகளை மூடிவிட்டு ஊதுலைகளைப் பெல்லட்டிலேயே ஓட்டினார்கள். ஹைட்ரஜனால் இரும்பு எடுக்கும் புதிய உலைகளுக்கும் பெல்லட்தான் பொருந்தும். ஆனால் இந்தியாவில் புதிய ஊதுலைகள் எழுந்துகொண்டிருக்கின்றன. ஓர் ஊதுலை கட்டினால் பதினைந்து, இருபது ஆண்டு நிற்காமல் ஓடும். அதுவரைக்கும் சின்டர் இருக்கும்.

கடைசியாக, இந்தத் தலைப்பில் தமிழ்நாட்டில் எங்கே பேசினாலும் வரும் ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். சேலத்துக் கஞ்சமலையில் இரும்பு இருக்கிறதே, அதைச் சின்டர் ஆக்க முடியாதா? கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட்டும் குவார்ட்சும் வரிவரியாகப் பின்னிய பாறை. இரும்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சம். குவார்ட்சைப் பிரிக்க வேண்டுமென்றால் மாவாக அரைத்துக் காந்தத்தால் பொறுக்க வேண்டும். அந்த மாவைச் சின்டர் படுக்கையில் பரப்பினால் காற்று இறங்காது. அது உருண்டையாக உருட்டிச் சுடும் பெல்லட்டுக்கு ஏற்ற சரக்கு. அந்த மலையை நம்பி நம் மக்கள் கேட்டு வாங்கிய சேலம் உருக்காலை, 1980-களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வரும் எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டும் ஆலையாக ஓடத் தொடங்கியது. மலை அப்படியே இருக்கிறது. அதே மாவட்டத்தில் மேட்டூருக்கு அருகே பொட்டனேரியில் ஊதுலை ஓடுகிறது, சின்டரும் சுடுகிறார்கள். அதற்கான தாது கஞ்சமலையிலிருந்து வருவதில்லை.

வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.